தலை தீபாவளிக்கு 22 பேர், இரண்டே அடுப்பு: பதறாமல் சமைக்க வழி சொல்லுங்கள்

சிறுமலைக்காரி
அக்டோபர் 24, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் இருக்கிறேன். என் மூத்த மகளுக்கு இது தலை தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் நவம்பர் 7, சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவார்கள். நாத்தனார் குடும்பமும் அன்று இரவே வந்து தங்குகிறது. ஞாயிறு காலைப் பலகாரத்துக்கு 11 பேர். மதியச் சாப்பாட்டுக்குச் சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள், மொத்தம் 22 பேர். அதில் குழந்தைகள் ஐந்து.

வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பு, ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், இரண்டு லிட்டர் கிரைண்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை எனக்கு ஆபீஸ் உண்டு.

நான் எழுதி வைத்திருப்பது இது. காலை: இட்லி, தோசை, உளுந்து வடை, கறிக்குழம்பு, சாம்பார், தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, கேசரி, சுழியம், அதிரசம். மதியம்: மட்டன் பிரியாணி, கோழி வறுவல், முட்டை, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி, வெள்ளைச் சோறு, ரசம், பருப்புப் பாயசம்.

போன பொங்கலுக்கு 12 பேர் வந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது மணி மூன்றரை. நான் சிங்க்குக்குப் பக்கத்தில் நின்றபடி ரசஞ்சோறு சாப்பிட்டேன். யார் என்ன பேசினார்கள், குழந்தைகள் என்ன உடுத்தியிருந்தார்கள், ஒன்றுமே நினைவில் இல்லை. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. என் மகள் கல்யாணமாகி முதல் தடவை பண்டிகைக்கு வருகிறாள்.


கொடிவேரி
அக்டோபர் 24, இரவு 10.15

அக்கா, முதலில் மெனுவைப் பாதியாக்குங்கள். இட்லி இருக்கும்போது தோசை எதற்கு? தோசை ஒவ்வொன்றாகச் சுட வேண்டும், ஒரு ஆளை அடுப்பிலேயே கட்டிப்போட்டுவிடும். கேசரியும் வேண்டாம். சுழியமும் அதிரசமும் இனிப்புதானே.


பொருநைக்கரை
அக்டோபர் 24, இரவு 10.40

பிரியாணியைக் கடையில் சொல்லிவிடுங்கள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணிக்குக் கவலைப்படலாமா? மீதியை வீட்டில் செய்தால் போதும்.


சிறுமலைக்காரி
அக்டோபர் 24, இரவு 10.55

என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். ஆனால் தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கடைச் சோறு போட்டோம் என்று என் மாமியார் வருத்தப்படுவார். எனக்கும் மனசு கேட்கவில்லை.


சம்பந்தியம்மா
அக்டோபர் 25, காலை 7.20

நான் மாப்பிள்ளையைப் பெற்றவள், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் என் மகனுக்குத் தலை தீபாவளி. மருமகள் வீட்டில் எங்களையும் அழைத்திருந்தார்கள். இலையில் இருபது வகைக்குக் குறையாது. ஆனால் அந்த அம்மாவை நான் பார்த்தது இரண்டே தடவை. வாசலில் வாங்க என்று சொன்னபோது ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. நடுவில் அடுக்களைப் பக்கம் போனேன். "நீங்க வரக் கூடாது, உட்காருங்க" என்று அனுப்பிவிட்டார். முகமெல்லாம் வியர்வை. அவருடைய புதுச்சேலை மடிப்புக் கலையாமல் கட்டிலின் மேலேயே கிடந்தது.

அன்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் இன்றைக்கு ஒன்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தச் சேலை மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் எல்லாவற்றுக்கும் முன் சம்பந்திக்கு ஒரு போன் போடுங்கள் தங்கச்சி. எத்தனை பேர், யாருக்கு என்ன ஆகாது, கறி சாப்பிடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். தீபாவளியும் அமாவாசையும் ஒட்டியே வரும். சில வீடுகளில் கறி இல்லாமல் தீபாவளியே இல்லை, சில வீடுகளில் அன்று அடுக்களைக்குள் கறி நுழையாது. சாயங்காலம் கேதார கௌரி நோன்பு இருக்கிற பெண்களும் உண்டு. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.


தேக்சா
அக்டோபர் 25, பகல் 2.10

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். 25 வருஷமாக நானும் அதே வேலைதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் விருந்து வைக்கிறவர்கள் பதார்த்தத்தை எண்ணுகிறார்கள், நாங்கள் அடுப்பை எண்ணுவோம். உங்கள் பட்டியலில் மதியத்துக்கு எட்டு ஐட்டம் இருக்கிறது. பிரியாணி, கோழி, முட்டை, தொக்கு, சோறு, ரசம், பாயசம் என்று ஏழுக்கு அடுப்பு வேண்டும், இருப்பது இரண்டு பர்னர். பத்தரை மணிக்குப் பிரியாணி ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பர்னர் போய்விடும். மிச்சம் ஒரே பர்னரில் ஆறு வேலை. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அது நடக்காது. அங்கேதான் பதற்றம் பிறக்கிறது, கை வேகத்தில் இல்லை.

ஒரு நோட்டில் கோடு போட்டு, ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அரைமணிக்கு ஒரு கட்டமாக, முதல் பர்னரில் என்ன, இரண்டாவதில் என்ன என்று எழுதுங்கள். கட்டத்துக்குள் அடங்காத பதார்த்தத்தை அடித்துவிடுங்கள். மனசு வராவிட்டால் அதை முந்தின நாளுக்குத் தள்ளுங்கள்.

வாடகைப் பாத்திரக் கடையில் ஒற்றை இரும்பு அடுப்பு, மூடியோடு ஒரு தேக்சா, ஒரு ஜல்லிக்கரண்டி எடுங்கள். பிரியாணியைப் பின்கட்டில் காற்றோட்டமான இடத்தில், கூரைக்குக் கீழே வைத்துச் செய்யலாம். ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொள்ளும். கடையில் இப்போதே சொல்லி வையுங்கள், கடைசி வாரத்தில் கிடைக்காது. சிலிண்டர் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

அளவு. சீரகச் சம்பா ஒரு கிலோ எட்டுப் பேருக்குத் தாராளம். குழந்தைகளைச் சேர்த்து உங்களுக்கு இரண்டரை கிலோ அரிசி, கறியும் இரண்டரை கிலோ, எலும்போடு. அரிசியைக் களைந்து இருபது முப்பது நிமிஷம் ஊறவிட்டால் போதும், அதற்கு மேல் ஊறினால் உடையும். அளந்த அரிசிக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர், கறி வெந்த சாறும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வீட்டில் அரைக் கிலோவுக்குப் போடும் மிளகாய்த்தூளை அப்படியே ஐந்தால் பெருக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் காரம் ஏறும். நான்கு பங்கு போட்டு ருசி பார்த்துவிட்டுச் சேருங்கள். கறி மசாலா பத்தரைக்குள் வெந்திருக்க வேண்டும். பதினொன்றேகாலுக்கு அரிசி, பதினொன்றரைக்கு மேல் தம். பன்னிரண்டேகாலுக்குத் திறந்தால் சரியாக இருக்கும்.

காலைக் கறிக்குழம்பைச் சனிக்கிழமை இரவே வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க உப்பும் புளிப்பும் கறிக்குள் இறங்கி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். 11 பேருக்கு ஒன்றரைக் கிலோ.

இட்லிக்கு ஒரு கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து. ஐம்பது இட்லிக்குக் குறையாது. வடைக்கு அரைக் கிலோ உளுந்து போட்டால் முப்பது வடை வரும். வடை மாவை இரவே கெட்டியாக அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம், உப்பு மட்டும் போடாதீர்கள். சுடுவதற்கு முன்தான் உப்பு. முன்னாலேயே போட்டால் மாவு நீர்த்து எண்ணெய் குடிக்கும்.


கொடிவேரி
அக்டோபர் 25, பகல் 2.45

இதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன் அண்ணா. அதிரசம் பற்றியும் சொல்லுங்கள். எனக்கு வருஷாவருஷம் எண்ணெயில் பிரிந்துவிடுகிறது.


தேக்சா
அக்டோபர் 25, மாலை 4.30

பிரிந்தால் பெரும்பாலும் பாகு இளசாக இருந்திருக்கும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி மேல் பரப்புங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்து அல்லது அரைத்துச் சலியுங்கள். வெல்லப் பாகைக் காய்ச்சும்போது பக்கத்தில் ஒரு தட்டில் பச்சைத் தண்ணீர் வையுங்கள். ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் திரள வேண்டும். உருட்டினால் மெத்தென்று உருண்டு நிற்க வேண்டும். தட்டில் போட்டால் டங்கென்று கேட்டால் பதம் தாண்டிவிட்டது, அதிரசம் கடுக்கென்று ஆகிவிடும். உருண்டை பிடிக்க வந்த அந்த நிமிஷமே அடுப்பை நிறுத்தி, ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளற வேண்டும். சூடாக இருக்கும்போது தளர்வாகத்தான் தெரியும். பயந்து மாவைக் கூட்டாதீர்கள், ஆறினால் இறுகும்.

மேலே நெய் தடவி மூடி, இரண்டு மூன்று நாள் வைத்தபின் சுடலாம். அதாவது சிறுமலைக்காரி அம்மா இதை வருகிற ஞாயிற்றுக்கிழமையே கிளறிவிடலாம்.


இரவுப்பணி
அக்டோபர் 25, இரவு 8.05

நான் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தீபாவளிக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று வருகிறவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். அதனால் சில விஷயங்களைத் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு வைக்கும் கறிக்குழம்பு அடுப்பிலேயே கிடக்கக் கூடாது. ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். ஒரே பெரிய பாத்திரத்தில் இருந்தால் நடுப்பகுதி நள்ளிரவு வரை சூடாகவே இருக்கும். அகலமான இரண்டு பாத்திரங்களில் ஊற்றுங்கள். காலையில் வெதுவெதுப்பாக்கினால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும்.

பிரியாணி மிஞ்சினாலும் இதே கணக்குதான். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து வேகும்போதும் சாகாது. சோறு வெளியே கிடக்கக் கிடக்க அது பெருகி நச்சைக் கக்கும். அந்த நச்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. "சுடவைத்துவிட்டோமே" என்று சாப்பிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை மூச்சுமுட்ட அடைத்தால் குளிராது. காய்கறி, தண்ணீர் பாட்டில், ஜாம் பாட்டில் எல்லாவற்றையும் இரண்டு நாளைக்கு வெளியே எடுத்துவிடுங்கள். பச்சைக் கறியும் கோழியும் மூடி போட்டுக் கீழ்த்தட்டில்.

இன்னொன்று. வடையும் சுழியமும் சுடும்போது புதுப் பட்டுச்சேலை வேண்டாம், பருத்திச் சேலை கட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளை வெடியோடு பின்கட்டுப் பக்கம் விடாதீர்கள், அங்கே சிலிண்டர் இருக்கிறது.


ராத்திரி ரயில்
அக்டோபர் 25, இரவு 11.30

அம்மா, உங்கள் மகன் வயதுதான் எனக்கு இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் "யாராவது வந்து கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்களேன்" என்று குரல் கொடுப்பார். நாங்கள் யாரும் போக மாட்டோம். சோம்பல் ஒரு காரணம்தான். போனாலும் என்ன செய்வதென்று தெரியாது, அதுவும் காரணம். அடுக்களையில் நடுவில் நின்று அம்மாவுக்கே இடைஞ்சலாக இருப்போம்.

போன தீபாவளிக்கு அக்கா ஒரு தாளில் வேலையைப் பெயர் போட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அப்பா: வெள்ளி இரவு சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ உரித்தல். நான்: சனிக்கிழமை கிரைண்டர் போடுதல், கழுவுதல், ஞாயிறு இட்லி ஊற்றுதல். பெரியப்பா மகன்: இலை நறுக்கித் துடைத்தல், தண்ணீர் வைத்தல், பரிமாறுதல். வெங்காயத்தைக் கால்மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் எரியாது. அப்பா டிவி பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். அப்புறம் அவரே பூண்டைக் கேட்டு வாங்கினார்.

பெயர் போட்டு எழுதுங்கள் அம்மா. கண்டிப்பாகச் செய்வார்கள்.


பொருநைக்கரை
அக்டோபர் 26, காலை 6.50

கடைப் பிரியாணி என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எல்லாரும் எழுதியதைப் படித்தபின் என் மனைவியிடம் கேட்டேன். அவளுடைய தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் அத்தை என்ன சமைத்தார் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. அவளோ அம்மா கையால் தலையில் எண்ணெய் வைத்ததை மட்டும் சொன்னாள். எண்ணெய் வைக்கும் அந்த அரைமணி நேரத்தையும் உங்கள் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.


சிறுமலைக்காரி
அக்டோபர் 27, இரவு 9.15

பொருநைக்கரை அண்ணன் சொன்னதைப் படித்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். நான்கு மணிக்கு முதல் கட்டமே "எண்ணெய்".

என் சம்பந்திக்கு, அதாவது மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டேன். கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! அவரும் அவருடைய அக்காவும் சாயங்காலம் நோன்பு எடுக்கிறார்களாம், அன்று கறி தொட மாட்டார்கள். அவர் மாமியாருக்கும் சைவம்தான். "நான் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே இருந்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள்" என்றார். மாப்பிள்ளைக்குக் கேசரியே பிடிக்காதாம்! எனக்குத் தெரியாது. இட்லியும் கறிக்குழம்பும் கொடுத்தால் வேறொன்றும் வேண்டாமாம்.

மெனு இப்போது இப்படி. காலை: இட்லி, கறிக்குழம்பு, சாம்பார், தேங்காய்ச் சட்னி, வடை, சுழியம், அதிரசம். மதியம்: பிரியாணி, கோழி வறுவல், தயிர்ப் பச்சடி, பாயசம். சைவத்துக்குச் சோறு, அதே சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, ரசம், வடை. சாம்பாரை மதியத்துக்கும் சேர்த்து வைத்து, பன்னிரண்டு மணிக்கு ஒரு கொதி விட்டால் போதும். சைவச் சமையல் முழுக்க வீட்டுக்குள், கறி முழுக்கப் பின்கட்டில். கரண்டிகூட வேறு.

சுழியத்துக்குக் கடலைப்பருப்புப் பூரணத்தைச் சனிக்கிழமையே உருட்டி வைத்துவிடுவேன். லேகியம் வெள்ளிக்கிழமை கிண்டுகிறேன்.

ஒரு கேள்வி. பந்தி எப்படி? கூடத்தில் 12 பேர்தான் உட்காரலாம்.


தேக்சா
அக்டோபர் 27, இரவு 10.00

முதல் பந்தியில் குழந்தைகள், பெரியவர்கள், மகள், மாப்பிள்ளை, சம்பந்தி அம்மா, நீங்கள். ஆமாம், நீங்களும்தான். சமைத்தவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாடு நின்றுபோகாது. எல்லாம் பாத்திரத்தில் தயாராக இருக்கிறது, பரிமாறுகிறவர்களுக்கு வரிசை தெரிந்தால் போதும். உங்கள் வீட்டுக்காரரும் மகனும் நாத்தனார் வீட்டுக்காரரும் பரிமாறட்டும். இரண்டாவது பந்தியில் அவர்கள் உட்காரும்போது நீங்கள் பரிமாறுங்கள். அப்போது உங்களுக்குப் பசி இருக்காது, நிதானமாகப் பார்த்துப் பார்த்துப் போடுவீர்கள்.


சம்பந்தியம்மா
அக்டோபர் 27, இரவு 10.20

தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள் தங்கச்சி. புதுச்சேலையோடு உட்காருங்கள்.


கொடிவேரி
நவம்பர் 7, இரவு 8.40

அக்கா, எல்லாம் எப்படிப் போகிறது? இங்கே கொட்டுகிறது மழை.


சிறுமலைக்காரி
நவம்பர் 9, காலை 10.30

முடிந்தது. நேற்று இரவு ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிட்டேன், அதனால் இப்போதுதான் எழுதுகிறேன்.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கே மாவு அரைத்து வைத்தும், இரவு முழுக்க மழையாக இருந்ததால் காலை ஐந்து மணிக்கு மாவு ஏறவே இல்லை. கையை விட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. முன்பென்றால் அங்கேயே அழுதிருப்பேன். அகலமான அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதில் இறக்கி, மேலே போர்வை போட்டு மூடினேன். நோட்டில் ஆறு மணிக்கு இட்லி என்று இருந்தது. அதை அடித்துவிட்டு வடை, சுழியம் என்று மாற்றினேன். ஏழேகாலுக்கு மாவு மேலே வந்து குமிழ் விட்டிருந்தது. என் மகன் ஊற்றினான், ஒரு ஈடுக்குப் பதினாறு. இட்லி கொஞ்சம் கனமாக இருந்தது, ஆனால் மாப்பிள்ளை ஒன்பது சாப்பிட்டார்.

எட்டரை மணிக்குக் கரண்ட் போயிற்று. பிரியாணிக்கு இஞ்சி பூண்டு, கூட்டுக்குத் தேங்காய் எல்லாம் சனிக்கிழமையே அரைத்து வைத்திருந்ததால் ஒன்றும் கெடவில்லை. கறிக்கடையில் மூன்று நாள் முன்பே சொல்லி வைத்தும் என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் நின்றார். கோழி வறுவல் பின்தங்கிவிட்டது, முதல் பந்தி பாதியில்தான் இலைக்கு வந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு நான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மாப்பிள்ளையின் அம்மா. என் மாமியார்தான் "இவளுக்கும் இலை போடுங்க" என்று முதலில் குரல் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை. என் வீட்டுக்காரர் பிரியாணி வைக்க வந்து, அடியில் கிடந்த கறித்துண்டாகப் பார்த்து மகளுக்கு இரண்டு, எனக்கு இரண்டு வைத்தார். மகள் சாப்பிட்டுக்கொண்டே மெல்ல அவளுடைய புது வீட்டு அடுக்களையைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல் எந்தப் பக்கம், அங்கே எப்போது தண்ணீர் வரும், மாமியார் எந்தக் கரண்டியை யாருக்கும் தர மாட்டார் என்றெல்லாம். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் போனில் ஒருநாளும் இதையெல்லாம் சொன்னதில்லை.

பிரியாணி ஒரு கிலோ அளவுக்கு மிஞ்சியது. இரண்டு மணிக்கே பிரித்து மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம், இரவுப்பணி தங்கைக்கு நன்றி. தேக்சா அண்ணே, அரிசி இரண்டு கிலோவே போதும், குழந்தைகள் அதிரசத்தைத் தின்றுவிட்டு இலைக்கு வந்தார்கள்.


ராத்திரி ரயில்
நவம்பர் 9, காலை 11.05

வெங்காயம் யார் உரித்தது அம்மா?


சிறுமலைக்காரி
நவம்பர் 9, காலை 11.20

வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும். சனிக்கிழமை இரவு மாப்பிள்ளை தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிரியாணிக்குச் சேர்த்து ஒன்றரைக் கிலோ, பத்து மணிக்குள் முடித்துவிட்டார்கள்.


கொடிவேரி
நவம்பர் 9, பகல் 12.40

அக்கா, எங்கள் தங்கைக்குத் தை மாதம் தலைப்பொங்கல், 15 பேர், எங்கள் வீட்டில்தான். உங்கள் நோட்டுப் பக்கத்தை இங்கே போட முடியுமா? அதிரசம் இந்தத் தடவை பிரியவில்லை என்று தேக்சா அண்ணனிடமும் சொல்ல வேண்டும்.


சிறுமலைக்காரி
நவம்பர் 9, பகல் 1.00

சாயங்காலம் படம் எடுத்துப் போடுகிறேன் தங்கச்சி. எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது, படிக்க முடியாத இடத்தைத் திரும்ப எழுதித் தருகிறேன். மாவு அரைக்கும் நேரத்தை மட்டும் இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள், தை மாதம் இதைவிடக் குளிரும்.